டிவி ஆன் ஆகவில்லையா? கழற்றும் முன் லைட்டைப் பாருங்கள்

"டிவி ஆன் ஆகலை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் நாலு விதமான பழுது இருக்கிறது. லைட்டே எரியவில்லை என்பது ஒன்று. சிவப்பு லைட் எரிகிறது, எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையவில்லை என்பது இன்னொன்று. லைட் சிமிட்டிவிட்டு அணைகிறது என்பது மூன்றாவது. சத்தம்கூட வருகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்பது நான்காவது. நாலுக்கும் கோளாறு இருக்கும் இடம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் முதலில் டிவியின் மூளையான மெயின் போர்டை மாற்றி, பிறகு அதற்கு மின்சாரம் தரும் பவர் போர்டை மாற்றி, கடைசியில் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் ஸ்ட்ரிப்பில் போய் நிற்கும் வேலைகள் ஏராளம். எந்தப் பகுதி செத்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கையில் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டும், காசையும் எடுக்க வேண்டும்.

கழற்றாமலே பார்க்க வேண்டியவை

பிளக் பாயின்ட்டில் வேறு ஒரு விளக்கையோ போன் சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சர்ஜ் புரொடெக்டர், ஸ்டெபிலைசர் எது நடுவில் இருந்தாலும் எடுத்துவிட்டு நேராகச் சுவரில் போடுங்கள். சில சர்ஜ் புரொடெக்டர்கள் உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பாகம் போய்விட்டால் அவுட்புட்டையே துண்டித்துவிடும்.

அடுத்து டிவியின் பின்னால் சொருகும் பவர் கார்டு, அதாவது மின்சார ஒயர். எட்டு வடிவத்தில் இரண்டு ஓட்டையுள்ள அந்த முனை, சுவரில் மாட்டிய டிவியைக் கொஞ்சம் சாய்த்தாலே பாதி வெளியே வந்துவிடும். பார்ப்பதற்குச் சொருகியிருப்பது போலவே தெரியும். கையை விட்டு அழுத்திப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறதா என்று. டிவியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ மெயின் சுவிட்ச் இருக்கும் மாடல் என்றால், சுத்தம் செய்யும்போது அது ஆஃப் ஆகியிருக்கலாம்.

பிறகு எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, ஆன்டெனா, லேன் என்று டிவியில் சொருகியிருக்கும் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். ஷார்ட் ஆன ஒரு பென் டிரைவ் போதும், 5 வோல்ட் லைனைக் கீழே இழுத்து டிவியை எழவிடாமல் செய்துவிடும். எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றை ஆன், ஆஃப் செய்யும் வசதி இருப்பதால், செட் டாப் பாக்ஸ் ஸ்டாண்ட்பைக்குப் போகும்போது டிவியையும் கூடவே அணைத்துவிடுவதும் உண்டு.

இப்போது பவர் டிரெயின். கார்டை உருவிவிட்டு, டிவியில் இருக்கும் பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி சொருகுங்கள். ஸ்டாண்ட்பையில் விழித்திருக்கும் சின்ன கன்ட்ரோலர் சில சமயம் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒருமுறை பாதுகாப்பு நிலைக்குப் போன பவர் சப்ளையும், உள்ளே மிச்ச மின்சாரம் இருக்கும்வரை அந்த நிலையை விட்டு வராது. உருவி உடனே சொருகினால் பலன் இல்லாமல் போவது அதனால்தான். ஸ்மார்ட் டிவி என்றால் சொருகிய பிறகு ஒரு நிமிடம் பொறுத்து பட்டனை அழுத்துங்கள், அது முழுதாக எழுந்திருக்க நேரம் வேண்டும்.

ரிமோட்டைச் சந்தேகிக்க வேண்டும் என்றால் போன் கேமரா போதும். ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்தினால் ஊதா கலந்த வெளிச்சம் மினுங்கும். பல போன்களில் பின் கேமரா அதை வடிகட்டிவிடும், முன் கேமராவில் பாருங்கள். வெளிச்சம் விடாமல் மினுங்கிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது. அந்த ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்தப் பட்டனை முயலுங்கள். டிவியில் பட்டனே இல்லை என்று நினைத்தால் கீழ் விளிம்பின் நடுவிலும் பின்பக்க மூலையிலும் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு சின்ன ஜாய்ஸ்டிக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

லைட் சொல்வது

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் இனி ஸ்டாண்ட்பை லைட்டைக் கவனியுங்கள். சில மாடல்களில் அந்த லைட்டை மெனுவிலேயே அணைத்து வைக்கலாம். முன்பு எரிந்துகொண்டிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

லைட்டே இல்லை என்றால் மின்சாரம் பவர் போர்டுக்குள் போகவில்லை, அல்லது போய் ஸ்டாண்ட்பை வோல்ட்டாக வெளியே வரவில்லை. லைட் நிலையாக எரிந்து, பட்டனை அழுத்தும்போது ஒரு கணம்கூட நிறமோ பிரகாசமோ மாறவில்லை என்றால், கட்டளை மெயின் போர்டுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அது பதில் தரவில்லை. அழுத்தியதும் லைட் மாறுகிறது, 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்கிறது, ஓரிரு வினாடியில் மறுபடி பழைய நிலைக்கு வருகிறது என்றால், ஏதோ ஒரு வோல்ட் எழ முயன்று விழுகிறது என்று பொருள். பவர் போர்டிலிருந்து சீராக 'டிக்… டிக்… டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தால், அவுட்புட் பக்கம் ஷார்ட் இருந்து சப்ளை எழுந்து எழுந்து படுக்கிறது.

குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டி, இடைவெளி விட்டு, மறுபடி அதே எண்ணிக்கையில் சிமிட்டினால் அது பழுதுக் குறியீடு. மூன்று சுற்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். ஒரு பிராண்டின் பட்டியலை வைத்து இன்னொரு பிராண்டைப் படிக்கக் கூடாது.

திரை இருட்டு, சத்தம் வருகிறது என்றால் அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். மெனுவோ படமோ நிழலாகத் தெரிந்தால் படம் காட்டும் பேனலும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன, பேக்லைட் மட்டும்தான் போயிருக்கிறது. ஆன் செய்த ஓரிரு வினாடி வெளிச்சம் வந்து அணைவதும் பெரும்பாலும் அதே கோளாறுதான். ஓஎல்இடி டிவியில் பேக்லைட்டே கிடையாது, அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்த்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் அதற்கு ஆகாது. ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் பேனல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

உள்ளே கை வைக்கும் முன்

பவர் போர்டில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றோ இரண்டோ இருக்கும், 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் அதன் இரு முனைக்கும் நடுவே சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். வோல்ட்டை உயர்த்தும் பவர் ஃபேக்டர் பகுதி ஓடும்போது 380 முதல் 400 வரை ஏறும். நல்ல போர்டில் கார்டை உருவியதும் சப்ளையே அந்த மின்சாரத்தைக் கொஞ்ச நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும். செத்த போர்டில் அதைக் குடிக்க ஆள் இல்லை. அதனால் பழுதான போர்டுதான் நல்ல போர்டைவிட ஆபத்து. லைட்டே எரியாத டிவி என்பதால் உள்ளே மின்சாரம் இல்லை என்று நினைத்துத் தொட்டவர்கள் அடி வாங்குவது இதனால்தான்.

கார்டை உருவிவிட்டு, மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து அந்தக் கெப்பாசிட்டரை அளங்கள். மிச்சம் இருந்தால் 5 வாட் தாங்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை, நன்றாகக் காப்பிட்ட முனைகளோடு, சில வினாடி குறுக்கே பிடியுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வழக்கம் வேண்டாம். பொறி பறப்பதோடு போர்டின் செம்புத் தடமும் எரியும். பழைய பிக்சர் டியூப் டிவியில் டியூபின் மேல் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அதைப் பழகாதவர்கள் திறக்கவே கூடாது.

டிவியைப் படுக்க வைக்க, திரையைவிடப் பெரிய சமதளமும் மெத்தென்ற போர்வையும் வேண்டும். பாதித் திரை மேசைக்கு வெளியே தொங்கினால் பேனல் விரிசல் விட்டுவிடும். ஸ்க்ரூக்கள் ஒரே அளவில் இருக்காது. ஸ்டாண்டு பக்கம் நீளமானவை வரும், அவற்றை வேறு ஓட்டையில் முறுக்கினால் முன்னால் இருக்கும் பேனலைக் குத்திவிடும். எடுத்த இடத்திலேயே வைத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பவர் போர்டு

முதலில் கண்ணால் பாருங்கள். மேல் தட்டு உப்பிய கெப்பாசிட்டர், அடியில் பழுப்பாகக் கசிந்த கறை, வெடித்த வட்ட வில்லை போன்ற வேரிஸ்டர் (வோல்டேஜ் திடீரென ஏறினால் அதைத் தாங்கிக்கொள்ளும் பாகம்), டிரான்ஸ்ஃபார்மர் கால்களைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விட்ட சால்டர் எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

ஃபியூஸ் போயிருந்தால் அது கோளாறு கிடையாது, கோளாறின் விளைவு. கண்ணாடி ஃபியூஸ் உள்ளே கறுத்து, வெள்ளி பூசியது போல் ஆகியிருந்தால் பலமான ஷார்ட். கம்பி மட்டும் சுத்தமாக அறுந்திருந்தால் ஒரு நொடி வந்த வோல்டேஜ் ஏற்றமாக இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள். வேரிஸ்டர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு, சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் மூன்றையும் ஷார்ட்டுக்குச் சோதியுங்கள். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்றினால் புதியதும் ஒரு நொடியில் போய்விடும். அதன் சோர்ஸ் காலில் இருக்கும், 1 ஓம்முக்கும் குறைந்த சென்ஸ் ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், அதை ஓட்டும் ஐசி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வோல்டேஜ் ஏற்றத்தில் வேரிஸ்டர் மட்டும் வெடித்திருந்தால், அதை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸ் போட்டாலும் டிவி ஓடும்தான். அடுத்த ஏற்றம் நேராக உள்ளே போகும். வேரிஸ்டரும் போட்டுத்தான் மூட வேண்டும்.

பழுது பார்த்த போர்டுக்கு முதல் மின்சாரம் நேராகக் கொடுக்கக் கூடாது. லைனில் சீரிஸாக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு போட்டுக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் எதுவும் வெடிக்கவில்லை. இதற்கு இழை பல்புதான் வேண்டும், எல்இடி பல்பு உதவாது.

பெரிய கெப்பாசிட்டரில் 325 இருக்கிறது, ஸ்டாண்ட்பை வோல்ட் மட்டும் இல்லை என்றால் ஃபியூஸ் முதல் அந்தக் கெப்பாசிட்டர் வரை எல்லாம் சரி, சுவிட்சிங் பகுதி எழவில்லை. இங்கிருந்து அவுட்புட் பக்கம் போகும்போது மீட்டரின் கறுப்பு முனையை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். பெரிய கெப்பாசிட்டரின் நெகட்டிவ்வும் டிவியின் உலோகச் சட்டமும் ஒரே கிரவுண்டு கிடையாது. மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரை அளக்கும்போது கறுப்பு முனை சட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கனெக்டர் பக்கத்தில் ஒவ்வொரு பின்னுக்கும் பெயர் அச்சிட்டிருக்கும். ஸ்டாண்ட்பை 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட், 12 வோல்ட், 24 வோல்ட், பவர் ஆன், பேக்லைட் ஆன், டிம் என்று வரும். புதிய மாடல்கள் பலவற்றில் தனி ஸ்டாண்ட்பை சப்ளை இல்லாமல் 12 வோல்ட் ஒன்றே எப்போதும் நிற்கும். ஸ்டாண்ட்பை வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முனையைப் பவர் ஆன் பின்னில் வைத்துக்கொண்டே ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். அது 0-விலிருந்து சுமார் 3 வோல்ட்டுக்கு ஏறி, அதன் பிறகும் 12 வோல்ட் வரவில்லை என்றால் பவர் போர்டைப் பார்க்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் மெயின் போர்டு கேட்கவே இல்லை. சில போர்டுகளில் இது தலைகீழாக வேலை செய்யும், மேலே இருந்து கீழே இறங்கும். மாறுகிறதா என்பதே கேள்வி. இந்த ஒரு அளவு பாதி வேலையை முடித்துவிடும்.

12 வோல்ட் எழுந்து விழுகிறது என்றால் கார்டை உருவிவிட்டு மெயின் போர்டு கேபிளைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு பவர் ஆன் பின்னுக்கும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கொடுத்தால் பவர் போர்டு தனியாக எழ வேண்டும். எழுந்தால் ஷார்ட் மெயின் போர்டு பக்கம்.

உப்பாத கெப்பாசிட்டரும் கெட்டிருக்கலாம், அதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு. டிவி ஆன் ஆக முதலில் இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும், பிறகு பத்து முறை, பிறகு அரை மணி நேரம் என்று மாதக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போகும். ஒருமுறை எழுந்து சூடாகிவிட்டால் அப்புறம் தொந்தரவே தராது. மின்சாரம் இல்லாமல் அவுட்புட் பக்கக் கெப்பாசிட்டர்களுக்கு ஹேர் டிரையரால் கொஞ்ச நேரம் சூடு காட்டி, பிறகு ஆன் செய்தால் டக்கென்று எழும். சும்மா அளந்தால் 5 வோல்ட் சரியாக இருக்கும், சுமை ஏறியதும் 4-க்குக் கீழே போகும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, சுவிட்சிங் சப்ளைக்கென்று வரும் லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) வகை. பக்கவாட்டில் கோடு போட்ட கால் நெகட்டிவ். திருப்பி வைத்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

பேக்லைட்

எல்இடிகள் சீரிஸில் இருப்பதால் ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுக்க அணையும், அவற்றை ஓட்டும் டிரைவர் சர்க்யூட் அதைக் கண்டுபிடித்து மொத்தத்தையும் நிறுத்திவிடும். பேக்லைட் கனெக்டரில் ஆன் செய்யும் நேரத்தில் அளந்தால், வோல்ட் வழக்கத்தைவிட மேலே துள்ளி பிறகு 0-வுக்கு விழுந்தால் ஸ்ட்ரிப்பில் ஓப்பன், அதாவது எங்கோ அறுந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் பேக்லைட் ஆன் பின்னைப் பாருங்கள். கட்டளை வந்தும் ஏறவில்லை என்றால் டிரைவர். இங்கே 100 வோல்ட்டுக்கு மேலும் வரலாம், கையை எடுத்துவிட்டு அளங்கள்.

ஸ்ட்ரிப்பை மாற்ற பேனலைத் தூக்க வேண்டும். ஒரு டிவியில் செய்யும் வேலைகளிலேயே அதிகம் உடைவது இங்கேதான். பேனலின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய ஃபிலிம் கேபிள்கள் மடங்கினாலோ இழுபட்டாலோ திரையில் கோடு விழும், அதற்கு மருந்து இல்லை. இரண்டு பேர் வேண்டும், அந்தக் கேபிள் பக்கத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஷீட்டுகளின் வரிசையும் எந்தப் பக்கம் மேல் என்பதும் மாறக் கூடாது. ஒரே ஒரு எல்இடியை மாற்றி மூடுவது மறுபடி திறப்பதற்கான ஏற்பாடு. மற்றவையும் அதே வயதுதான். முழு செட் போடுங்கள். எல்இடி ஒன்றுக்கு 3 வோல்ட்டா 6 வோல்ட்டா, ஒரு ஸ்ட்ரிப்பில் எத்தனை எல்இடி, நீளம் என்ன என்று மூன்றும் பொருந்த வேண்டும்.

மூடிய பிறகு மெனுவில் 'பேக்லைட்' அளவை 50, 60 சதவீதத்துக்குக் குறைத்து வையுங்கள். 'பிரைட்னஸ்' என்று தனியாக இருப்பது பல டிவிகளில் கறுப்பின் ஆழத்தைத்தான் மாற்றும். அதைக் குறைத்தால் படம் மங்குமே தவிர எல்இடியின் சுமை குறையாது. கடையில் காட்சிக்கு வைக்கும் மோடில் முழு வெளிச்சத்தில் ஓடிய டிவிகளுக்குத்தான் ஸ்ட்ரிப் சீக்கிரம் போகிறது.

மெயின் போர்டும் பேனலும்

எல்லா வோல்ட்டும் உள்ளே வருகிறது, டிவி எழவில்லை என்றால் போர்டில் இருக்கும் சின்ன காயில்களை வரிசையாக அளங்கள். 3.3, 1.5, 1.1 என்று ஒவ்வொன்றிலும் ஒரு வோல்ட் நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று 0 என்றால் அந்தக் கன்வெர்ட்டரோ அதன் பின்னால் ஷார்ட் ஆன கெப்பாசிட்டரோ காரணம். எல்லாம் சரியாக இருந்து, லோகோவிலேயே நின்று மறுபடி மறுபடி தொடங்கினால் சாஃப்ட்வேர் இருக்கும் மெமரியைச் சந்தேகியுங்கள். சில மாடல்களில் சரியான ஃபைலை பென் டிரைவில் வைத்து, பவர் பட்டனை அழுத்தியபடியே பிளக்கைப் போட்டால் தானாக ஏற்றிக்கொள்ளும். வேறு மாடலின் ஃபைல் ஏறினாலும், ஏறும்போது கரண்ட் போனாலும் இருந்ததும் போய்விடும்.

மெயின் போர்டைக் குற்றம் சொல்லும் முன் இன்னும் ஒரு சோதனை. கார்டை உருவிவிட்டு, மெயின் போர்டிலிருந்து டீகானுக்கு (படத்தைப் பேனலுக்குப் பிரித்து அனுப்பும் சின்ன போர்டு) போகும் பட்டைக் கேபிளைக் கழற்றி ஆன் செய்யுங்கள். இப்போது பேக்லைட்டும் சத்தமும் வந்தால் பேனல் பக்கம்தான் வோல்ட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை மறுபடி மாட்டி, டீகானிலிருந்து பேனலுக்குப் போகும் இரண்டு கேபிள்களில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எந்தப் பாதி என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கரண்ட் இல்லாமல்தான் கழற்ற வேண்டும். கனெக்டரில் பூட்டு இருக்கும், அதைத் திறக்காமல் இழுக்கக் கூடாது. பேனலே ஷார்ட் என்றால் அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. டிவியின் விலையில் பெரும்பங்கு அந்தப் பேனல்தான்.

போர்டு வாங்க வேண்டி வந்தால் டிவியின் பின்னால் இருக்கும் மாடல் நம்பரை நம்பி வாங்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு பேனல் வைத்து வருவது வழக்கம். பழைய போர்டின் ஸ்டிக்கரில் இருக்கும் பாக எண், போர்டின் மேல் அச்சிட்ட எண், பேனலின் முதுகில் இருக்கும் எண் மூன்றையும் படம் பிடித்துக் கொடுங்கள். மெயின் போர்டு வெளியில் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் வேறு பேனலுக்கானது என்றால், டிவி ஆன் ஆகும், படம் தலைகீழாகவோ இரண்டாகப் பிரிந்தோ நிறம் கலைந்தோ வரும். போர்டில் கோளாறு இல்லை, அந்தப் பேனலுக்கான ஃபைலை ஏற்றினால் சரியாகிவிடும். விற்றவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.